ஸ்டேஷன் ஐயா காபியை விட்ட கதை

சேர்வராயன் மலை இறங்கிச் சமதளத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் இல்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, வந்து தங்குகிறவர்களுக்கு வரிசையாகச் சில அறைகள். மலையில் காபி பூக்கும் காலத்தில் அந்த வாசனை கூடம்வரை வரும்.

மடத்தின் தலைவி தவமணியம்மா. நாற்பது வயதுதான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். அதிகம் பேச மாட்டார். சிரிப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது.

அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன. வந்து சேருகிறவர், காசிக்குப் போனவர் விடுவதுபோல, ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். இது ஒன்று. விடியற்காலையில் எல்லாரும் கூடத்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது யாராவது தூங்கி விழுந்தால், பக்கத்தில் இருப்பவர் சத்தமில்லாமல் எழுந்து போய் ஒரு நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து அவர் தலையில் வைப்பார். மாலைவரை அந்தப் பூவை எடுக்கக் கூடாது. இது இன்னொன்று. பூ எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தூங்குமூஞ்சிக்குத் தண்டனை என்று அவரவரே முடிவு செய்துகொண்டார்கள்.

தை மாதத்தில் பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீடு அவருக்கு வெயிட்டிங் ஹால் மாதிரி ஆகிவிட்டது. மிச்சக் காலத்தை இந்த மடத்திலேயே கழிக்க வேண்டும் என்று ஒரே ஆசை. ஆனால் நினைத்தவர் எல்லாம் அங்கே நிரந்தரமாகத் தங்கிவிட முடியாது. பங்குனி உத்திரத்தன்று, யார் யார் தொடர்ந்து இருக்கலாம் என்று அம்மாதான் சொல்வார்.

எதை விடப்போகிறீர்கள் என்று அம்மா கேட்டபோது அவர் தயாராக இருந்தார்.

"காபிங்கம்மா. ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கிறவன் நான்."

"வேற எதையாவது யோசிச்சுப் பாருங்களேன்."

"இல்லம்மா. சும்மா காபின்னு சொன்னா அது ஏமாத்து வேலை ஆயிடும். அதுக்குள்ள இருக்கிற கஃபீன்தான் ஆளைப் பிடிக்கிறது. அதையே விடறேன். கஃபீன் எதுல இருந்தாலும் தொட மாட்டேன்."

அம்மா சரி என்றார். சொன்ன கையோடு தன் டபராவைக் கையில் எடுத்து, நுரை வர ஆற்றி, ரசித்து ஒரு வாய் குடித்தார். மடத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்துக் கொட்டை, அன்றைக்கு வறுத்தது. பொன்னுரங்கத்தின் மூக்கு அவரைக் கேட்காமலே அந்தப் பக்கம் திரும்பியது.

"நீங்க மட்டும் குடிக்கிறீங்களேம்மா."

"நான் விட்டது கோபம்ங்க. காபி இல்லாம அதை விட முடியல."

மறுநாளே தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் தொடங்கிப் பிடரிவரைக்கும் இழுத்தது. கொட்டாவிமேல் கொட்டாவி. யாராவது நல்ல வார்த்தை சொன்னாலும் எரிச்சல் வந்தது. கஃபீன் சுருக்கி வைத்திருந்த ரத்தக் குழாய்கள் அது நின்றதும் விரியும், அதனால்தான் வலி, சில நாளில் சரியாகும் என்று அவரே எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். விளக்கம் சொன்னதால் வலி குறையவில்லை. ஐயா முகம் லேட்டாகிப்போன பாசஞ்சர் வண்டி மாதிரி இருக்கிறது என்று சமையல்காரர் மாசிலாமணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஸ்டேஷன் ஐயா என்று பெயர் வைத்ததும் அந்த மனிதர்தான்.

ஒருவழியாகத் தலைவலி விட்டது. தூக்கம் பிடித்துக்கொண்டது.

கூடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடுவார். அவ்வளவுதான் தெரியும். முழித்துப் பார்த்தால் மற்றவர்கள் எழுந்து போயிருப்பார்கள், தலையில் ஒரு நந்தியாவட்டை இருக்கும். வழுக்கைத் தலையில் பூ நிற்காது, சரிந்து விழும். விழுந்தால் வழக்கம் கெட்டுவிடுமே என்று அவரே அதை எடுத்துக் காதில் செருகிக்கொள்வார். அந்தக் கோலத்தில் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனால் கடைக்காரர் விடுவாரா? உங்கள் காதில் யார் சார் பூச் சுற்றினார்கள் என்று தினமும் கேட்டார்.

மற்றவர்களுக்கு எப்போதோ ஒரு நாள் பூ. பொன்னுரங்கத்துக்குத் தினப்படி பூ. மாசிலாமணி பூச்செடியைப் பார்த்து, பாவம் இது வேறு யாருக்காவது பூக்க முடிகிறதா என்று பெருமூச்சு விட்டார்.

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவனுக்கு மடத்தில் என்ன இடம்? மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு நாள் அம்மாவிடம் நேராகவே போய்க் கேட்டார்.

"தூங்காம இருக்கிறதுக்கு என்ன வழிங்கம்மா?"

"தூங்கி முடிக்கிறதுதான்."

இடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் தலைகுனிந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குள் இருந்த ரயில்வேக்காரர் விழித்துக்கொண்டார். ரயில்வேயில் எல்லாவற்றுக்கும் விதிப் புத்தகம் உண்டு. விதியில் எந்தச் சொல் இருக்கிறதோ அந்தச் சொல்தான் கணக்கு. தான் விட்டது எது? கஃபீன். பஸ் நிறுத்தத்துக் கடையில் டீ இருக்கிறது. தேயிலையில் இருப்பதற்குத் தெயின் என்று பெயர், எங்கேயோ படித்திருக்கிறார். தெயினை விடுகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லையே.

ஸ்டிராங்காக ஒரு டீ குடித்தார். மறுநாள் பூ கிடைக்கவில்லை. அந்த நிம்மதியை நினைத்து இன்னொரு டீ குடித்தார்.

கொஞ்ச நாளில் டீ போதவில்லை. அந்தச் சமயம் பார்த்து, பிரேசிலில் இருக்கிற மகள் சாருமதியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அப்பா மடத்தில் சோர்ந்து தெரிகிறார் என்று யாரோ சொல்லக் கேட்டு, அந்த ஊர்ச் சரக்கு இரண்டை அனுப்பியிருந்தாள். ஒரு டப்பாவில் குவாரனா என்ற விதையின் பொடி. அதில் இருப்பது குவாரனைன் என்று போட்டிருந்தது. ஒரு பையில் மாத்தே என்ற இலை. அதில் இருப்பது மாத்தைன் என்று போட்டிருந்தது. இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். கஃபீன் என்ற சொல் எங்கேயும் இல்லை. மனச்சாட்சி சுத்தமாக இருந்தது. பொடியைத் தண்ணீரில் கரைத்தும் இலையை வெந்நீரில் போட்டும் குடித்தார்.

அதன் பிறகு ஸ்டேஷன் ஐயாவைப் பிடிக்க ஆள் இல்லை.

கண் இரண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி முழித்துக்கொண்டிருந்தன. நெஞ்சு படபடத்தது. கை நடுங்கி டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பியது. வயிற்றில் எரிச்சல். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார விடாமல் ஒன்றுக்குப் போகும் அவசரம். ஆனால் தூக்கம் மட்டும் பக்கத்தில் வரவில்லை. எல்லாம் நலமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டார். வேகமாகச் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

தூங்காமல் கூடத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? யார் தூங்குகிறார்கள் என்று பார்த்தார். ஒரு தலை லேசாகச் சாய்ந்தால் போதும், பூவோடு போய் நிற்பார். முன்பு பக்கத்தில் இருப்பவர் செய்த வேலையை இப்போது கூடம் முழுவதுக்கும் அவர் ஒருவரே செய்தார். தும்மலுக்குத் தலைகுனிந்தவருக்கும் பூ விழுந்தது. மாசிலாமணி கும்பிடப் போய்க் குனிந்தார், எழும்போது தலையில் பூ இருந்தது.

ஒரு நாள் தவமணியம்மாவின் தலை சாய்ந்தது.

எல்லாரும் அரைக்கண்ணால் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. பொன்னுரங்கம் மட்டும் எழுந்தார். விதி என்றால் எல்லாருக்கும் விதி. பூவை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா கண் விழித்தார். தலையைத் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பூவைக் காதில் செருகிக்கொண்டு அன்று முழுக்க வளைய வந்தார். வேலி போட வந்த ஆட்களிடமும், மடத்துக்கு வந்துபோன தாசில்தாரிடமும் அப்படியேதான் பேசினார். மாலை வந்த பிறகும் எடுக்க மனசில்லாமல் வைத்திருந்தார். தண்டனை வாங்கினவர் இப்படியா சந்தோஷப்படுவார் என்று பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் மதியம் அம்மா சமையல்கட்டுக்குப் போய், இன்றைக்கு விருந்தாளிகள் உண்டு, நாலு இலை தனியாகப் போடு என்று மாசிலாமணியிடம் சொன்னார். தானே முன்னால் நின்று பரிமாறினார். நாலு இலையிலும் சோறு, சாம்பார், புடலங்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம். பிறகு பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு முதல் இலையில் உட்காரச் சொன்னார்.

"இது பொன்னுரங்கம் அவங்களுக்கு. சாப்பிடுங்க."

சாப்பிட்டார். எழுந்திருக்கப் போனவரை அம்மா அடுத்த இலைக்குக் கை காட்டினார்.

"இது ஸ்டேஷன் ஐயாவுக்கு."

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். விளையாட்டுத்தான் என்று நினைத்து உட்கார்ந்து, பாதி இலைச் சோற்றை உள்ளே தள்ளினார். அம்மா மூன்றாவது இலைக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் உங்களைப் பார்க்க வந்த போர்ட்டர் ரங்கண்ணான்னு கூப்பிட்டார். அவருக்கு இது. ஃபோன்ல உங்க பொண்ணு கேட்டது சாருமதி அப்பாவை. அந்த இலை அவருக்கு. பாவம், பசியோட இருப்பாங்க."

பொன்னுரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரு இருந்தாலும் வயிறு ஒண்ணுதானேம்மா."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பொன்னுரங்கத்தின் சிரிப்பு மெல்ல நின்றது. தான் சொன்னதைத் தானே இன்னொரு முறை கேட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மிச்ச இரண்டு இலைகளிலும் மாசிலாமணியும் இன்னொருவரும் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா கை கழுவிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார். பொன்னுரங்கம் பின்னாலேயே போனார். டீயையும் பொடியையும் இலையையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னார்.

"தெயின், குவாரனைன், மாத்தைன், கஃபீன் எல்லாம் ஒரே சரக்குதாம்மா. பெட்டி அதேதான். நம்பர் பலகையை மாத்தி மாத்தி மாட்டி எனக்கு நானே வண்டி விட்டுக்கிட்டேன்."

"அது உள்ள போய் என்னதான் செய்யுதுங்க? நானும் குடிக்கிறவதானே, தெரிஞ்சுக்கிறேன்."

கேட்டது அவருக்குத் தெரிந்த விஷயம். கொஞ்சம் தெம்பு வந்தது.

"உழைக்க உழைக்க உடம்புல களைப்புன்னு ஒண்ணு சேர்ந்துக்கிட்டே வரும். அது மூளைக்குப் போய் அதுக்குன்னு இருக்கிற இடத்துல நின்னாத்தான் தூக்கம் வரும். கஃபீன் முந்திக்கிட்டுப் போய் அந்த பிளாட்பாரத்துல நின்னுடுது. தூக்க வண்டிக்கு சிக்னல் கிடைக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர்ல நிக்க வேண்டியதுதான். காபி பலம் குடுக்குதுன்னு நினைக்கிறோம். அது இடத்தைத்தான் அடைச்சுக்குது."

"அவுட்டர்ல நிக்கிற வண்டி திரும்பிப் போயிடுமா?"

"எங்க போகும்? பின்னால இன்னொண்ணு வந்து நிக்கும்."

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து நிக்குதுங்க?"

பொன்னுரங்கம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார்.

வேலையில் சேர்ந்த வாலிப வயதிலிருந்து என்று சொன்னார். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் ஒரு வண்டி முழுக்க ஜனங்கள். அதனால் பிளாஸ்க்கும் கையுமாகவே காலம் போயிற்று. டியூட்டியில் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை. அது பெருமைதான். ஆனால் அந்த முழிப்பு வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் படுத்திருக்கும்போது தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"என் சம்சாரம் கனகம் முதுகுல கை வச்சு, வண்டி போயிடுச்சு, படுங்கன்னு சொல்லுவா. அவ சொன்னாத்தான் படுப்பேன். இப்போ சொல்ல ஆளில்லம்மா."

சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அம்மா தடுக்கவில்லை. கிணற்றில் இருந்து ஒரு வாளி இறைத்து வைத்தார். அவர் முகம் கழுவிக்கொண்டார்.

"இங்க வந்து அந்தக் கூடத்துல உக்காந்தப்போ கண்ணு தானா சொருகிடுச்சு. அப்படி ஒரு தூக்கம் என் ஆயுசுல தூங்கினதில்ல. முழிச்சுப் பார்த்தா தலையில பூ. வெட்கமாப் போச்சு."

"வெட்கம் எதுக்குங்க?"

"தூங்கினது தப்பும்மா. அதுக்குத்தானே பூ?"

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்னவோ ஏதோ என்று மாசிலாமணி சாப்பிட்ட கையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தன் குரு இந்தக் கூடத்தைக் கட்டிய புதிதில் நடந்ததை அம்மா சொன்னார். ஊருக்கு ஒதுக்குப்புறம், யார் வருவார்கள், வந்தாலும் இங்கே மனம் அடங்குமா என்று குருவுக்கே சந்தேகமாக இருந்ததாம். முதன்முதலில் வந்து உட்கார்ந்தவர் ஒரு லாரி டிரைவர். பல நாள் தூக்கம் கண்ணில் நின்ற மனிதர். உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப் போனார். குரு வாசலுக்கு ஓடினார். செடியில் இருந்த ஒரே பூவைப் பறித்து வந்து அவர் தலையில் வைத்துவிட்டு, கைகூப்பி நின்றார்.

"நம்ம பக்கம் கோயில்ல பூவாக்குக் கேப்பாங்கல்ல. நினைச்ச காரியம் ஆகும்னா சாமி பூக் குடுக்கும். அந்த மாதிரி, இங்க வந்தவர் தூங்கினதுதான் வாக்கு, பூ அதுக்குக் காணிக்கை. இந்த இடம் நல்ல இடம்னு அந்த டிரைவர்தான் குருவுக்கு முதல் உத்தரவு குடுத்தாருங்க."

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். கேட்க நினைத்தது ஒன்றுதான். பல வாரமாக நெஞ்சில் கிடந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

"அப்படின்னா, நான் இங்கேயே தங்கலாமாம்மா?"

"நீங்க தங்கலாமான்னு நான் எங்கங்க பார்த்தேன்? இந்த இடம் உங்களுக்கு ஆகுமான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். தினமும் வந்து ஆகும், ஆகும்னு உத்தரவு குடுத்துக்கிட்டே இருந்தீங்க. திடீர்னு நிறுத்திட்டீங்க. எங்க மேல ஏதாவது குறையான்னு கேக்கத்தான் இன்னிக்கு விருந்துக்குக் கூப்பிட்டேன்."